எக்கிட்னா இல்லாத ஐந்து சென்ட்

போர்ட் கீன், தென் ஆஸ்திரேலியா
9 ஜூன் 2003

டேரில்,

நான் கிளெனிஸ். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. யாரும் சாகவில்லை, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எழுதவில்லை. நீ ஊரைவிட்டுப் போன இந்த மூன்று வருஷத்தில் உன்னிடமிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் அட்டை. அதன் பின்னால் இருந்த தபால்பெட்டி எண்ணை நம்பித்தான் இதை அனுப்புகிறேன். குவீன்ஸ்டவுன் சுரங்கத்தில்தான் இன்னும் வேலை என்று நினைத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் முடிந்ததும் கிளப் கேன்டீனில் கல்லாவை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து சென்ட் காசென்றால் முதுகு முழுக்க முள்ளோடு எறும்பு தின்கிற எக்கிட்னா ஒன்று இருக்குமில்லையா? ஒன்றில் மட்டும் அது இல்லை. அந்த இடத்தில், இரண்டு டாலர் காசில் வருகிற தாடிக்காரப் பெரியவர் இருக்கிறார். மேலே நட்சத்திரங்கள், பக்கத்தில் புல்மரம், எல்லாம் அப்படியே. ஆனால் காசு வெள்ளி நிறம், மஞ்சள் துளிகூட இல்லை. அளவும் ஐந்து சென்ட் அளவுதான். ராணி தலை இருக்கிற பக்கத்தில் எழுத்துகளின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது.

பிரையனிடம் காட்டினேன். "எவனாவது பள்ளிக்கூட லேப்ல முலாம் பூசியிருப்பான். தூக்கிப் போடு" என்றார். கிளப் தலைவராகச் சொன்னால் கேட்க வேண்டும், புருஷனாகச் சொன்னால் கேட்க வேண்டியதில்லை. அதனால் ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து உள்ளே போட்டு வைத்திருக்கிறேன்.

நம் வீட்டில் சின்ன வயதிலிருந்தே காசு பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நீ. இங்கே வேறு யாரைக் கேட்பது? கிளப் நிலைமை உனக்குத் தெரிந்திருக்காது. அக்டோபர் கடைசிக்குள் மைதானத்துக்கு விளக்குப் போடப் பணம் காட்டாவிட்டால், அடுத்த வருஷத்திலிருந்து நம்மைப் பக்கத்து ஊர் டன்ஸ்ஃபர்டோடு சேர்த்துவிடுவதாக லீக் எழுதியிருக்கிறது. போன மாதம் கார் ஹெட்லைட்டை எரியவிட்டுப் பயிற்சி எடுத்தபோது இரண்டு பேர் மோதி ஒருவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் டன்ஸ்ஃபர்டா?

அந்தக் காசு என்ன என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

கிளெனிஸ்


குவீன்ஸ்டவுன், தாஸ்மேனியா
17 ஜூன் 2003

கிளெனிஸுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். இங்கே மழை. சுரங்கத்தில்தான் இருக்கிறேன்.

இதோடு முடித்துவிடத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் நின்றபடியே படித்தேன். சூப் ஆறிப்போனது. பக்கத்தில் இருந்தவன், "வீட்ல ஏதாவது விசேஷமா?" என்று கேட்டான். "காசு" என்றேன். "அப்ப கெட்ட சேதிதான்" என்று சொல்லிவிட்டு என் ரொட்டியையும் எடுத்துத் தின்றுவிட்டான்.

முதலில் இதைக் கேட்டுக்கொள். அதைத் தேய்க்காதே. துணியால்கூடத் துடைக்காதே. வினிகர், பல்பசை, எலுமிச்சை எதுவும் கிட்டே வரக் கூடாது. கதவுக் குமிழைக்கூடப் பளபளவென்று துடைத்துவைக்கிற ஆள் நீ, உன் கை சும்மா இருக்காது. தூக்கினால் விளிம்பைப் பிடித்துத் தூக்கு.

காசு அடிக்கிற ஆலையில் இரண்டு டாலர் அச்சுக்கு நடுவே ஐந்து சென்டுக்கான வெற்று வில்லை ஒன்று தவறிப் போய் விழுந்தால் இப்படி ஒரு காசு பிறக்கும். ஏதாவது ஒரு தொட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை வில்லை போதும். அப்படிப்பட்ட காசைப் படத்தில் பார்த்திருக்கிறேன். தொட்டதில்லை. தொட்ட ஆளைக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் உன் வீட்டுக்காரர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். (அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை, பழக்கமாக்கிக்கொள்ள உத்தேசமில்லை.) எடை போட்டால் தெரிந்துவிடும். இரண்டு டாலர் காசு ஆறரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஐந்து சென்ட் மூன்று கிராம்கூட வராது. முலாம் பூசினால் நிறம் மாறும், எடை குறையாது. சமையல் தராசு உதவாது, லியெனின் மருந்துக் கடைக்குப் போ. நல்ல வெளிச்சத்தில் கிட்டே வைத்துப் படமெடுத்து அனுப்பு. இரண்டு பக்கமும், விளிம்பும்.

நம் பையன்கள் டன்ஸ்ஃபர்டின் பச்சைச் சட்டையைப் போடுவதா? எனக்கென்ன, நான் இப்போது அந்த ஊர்க்காரன் இல்லை.

எடையை உடனே எழுது.

டேரில்


போர்ட் கீன்
26 ஜூன் 2003

டேரில்,

இரண்டு புள்ளி எட்டு. முதலில் அதை எழுதிவிட்டேன், இனிமேல் நிதானமாகச் சொல்கிறேன்.

லியென் கடையில் கூட்டம். டப்பாவை நீட்டி விஷயத்தைச் சொன்னதும், "மாத்திரை எண்ணுற தராசுல ஏறணும்னா டாக்டர் சீட்டு வேணும்" என்றாள். அப்புறம் இடுக்கியால் தூக்கி வைத்தாள். எண் ஓடி நின்றது. இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன், வைத்தாள். திரும்பவும் சொன்னேன். "அக்கா, நீ சாயங்காலம் வரைக்கும் வைக்கச் சொன்னாலும் அது குண்டாகாது" என்றாள். ரத்த அழுத்தம் பார்க்கிற நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் துரதிர்ஷ்டம், வரிசையில் எனக்குப் பின்னால் நின்றது நெவ் டாங்கின். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நெவ்தான், கேன்டீனில் கறி அடைத்த பாஸ்டிக்கு எப்போதும் ஐந்து சென்டாகவே எண்ணிக் கொடுப்பாரே, அவரேதான்.

"அஞ்சு சென்டா? அப்ப அது எங்கிட்டேருந்து வந்ததாத்தான் இருக்கும்" என்றார்.

"உங்களோடதா நெவ்?" என்றேன்.

யோசித்தார். "நான் அஞ்சு சென்டுன்னு கொடுத்தேன். நீயும் அஞ்சு சென்டுன்னுதான் வாங்கின. பாஸ்டி நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப வந்து அது கிளப் காசு இல்லைன்னு நான் சொன்னா, நாளைக்கு எவன் என்னைப் பக்கத்துல உட்கார வைப்பான்?"

அப்படிச் சொன்ன மனிதர் அன்று மாலைக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை கேன்டீனுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பாஸ்டி வாங்க வரவில்லை, காசு பார்க்க வந்தார்கள். நான் பாஸ்டி வாங்கினால்தான் காட்டுவேன் என்றேன். மேட்சின் இரண்டாவது குவார்ட்டருக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது.

சேதி அடிலெய்டு வரை போய், நேற்று அங்கிருந்து ஒரு நாணய வியாபாரி காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "காசு சரியாத்தான் தெரியுது. ஆனா இங்க பாருங்க, விளிம்புல ஒரு இடம் வழவழன்னு இருக்கு. யாரோ அரம் போட்டு உரசியிருக்கான். நான் ஆயிரத்து இருநூறு தர்றேன். தரம் போட அனுப்பணும்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அனுப்பினா 'கை வைத்த காசு'ன்னு எழுதிடுவாங்க, அந்தச் சீட்டோடயே பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சு மூடிடுவாங்க. அப்புறம் எவனும் வாங்கமாட்டான்" என்றார். ஜூலை பதினைந்து வரை தவணை கொடுத்திருக்கிறார்.

விளக்குக்கு இன்னும் நாலாயிரம் குறைகிறது. பிரையன் விற்றுவிடலாம் என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. படங்களை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்.

கிளெனிஸ்


குவீன்ஸ்டவுன்
3 ஜூலை 2003

அக்கா,

விற்காதே. விற்காதே. தரம் போட அனுப்பு.

இரண்டு புள்ளி எட்டு என்று படித்ததும் நான் போட்ட கூச்சலில் போர்மேன் எட்டிப் பார்த்தார். இப்போது எங்கள் குழுவில் எல்லோருக்கும் உன் காசைத் தெரியும். லிஃப்டில் இறங்கும்போதெல்லாம், "வெள்ளைக்காசு என்னாச்சுடா?" என்று கேட்கிறார்கள்.

அந்த விளிம்பைப் பற்றி நிதானமாகக் கேள். இரண்டு டாலர் அடிக்கும்போது காசைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அச்சு அழுத்தியதும் உலோகம் விரிந்து போய் அந்த வளையத்தில் மோதும். விளிம்பில் இருக்கிற கீற்றுகள் அப்படி விழுந்தவைதான். இங்கே விழுந்ததோ சின்ன வில்லை. எல்லாப் பக்கமும் வளையத்தை எட்டியிருக்க முடியாது. எட்டாத இடம் வழவழவென்றுதான் இருக்கும். அவர் குறை என்று காட்டிய இடம், இந்தக் காசு ஆலையிலேயே இப்படிப் பிறந்தது என்பதற்குச் சாட்சியாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. லியெனிடம் பூதக்கண்ணாடி வாங்கி நீயே பார். அரம் போட்டிருந்தால் ஒரே திசையில் கோடுகள் இருக்கும், அந்த இடம் மட்டும் புதிதாக மின்னும். அரம் படவில்லையென்றால் மற்ற இடத்தில் இருக்கிற அதே மங்கல் அங்கேயும் இருக்கும். பக்கத்தில் உள்ள எழுத்துகள் ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் இழுபட்டிருக்கும்.

தரம் போடுவது இப்படித்தான். மெல்பர்னில் ஒரு முகவர் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்புவார். அங்கே மூன்று நான்கு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அசல் என்றால் எண் போட்டுக் கண்ணாடி மாதிரிப் பெட்டியில் வைத்து மூடி அனுப்புவார்கள். அதன்பின் எந்த வியாபாரியும் உன்னிடம் கதை சொல்ல முடியாது. போலி என்றால் ஆயிரத்து இருநூறும் போச்சு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். கெட்டுப்போன காசுக்காக ஒரு மனுஷன் அடிலெய்டிலிருந்து கார் ஓட்டி வருவானா?

நான் சொன்னால் உங்கள் கமிட்டி கேட்கவா போகிறது? என்னைக் கோச் வேலையிலிருந்து தூக்கலாமா என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கமிட்டி கேட்டபோது, முதலில் உயர்ந்த கை என் அக்காவின் கை. வரிசையாக எட்டு மேட்ச் தோற்றது உண்மைதான். ஒன்பதாவதற்கு என்னிடம் ஒரு யோசனை இருந்தது. யாரும் கேட்கவில்லை.

டேரில்


போர்ட் கீன்
14 ஜூலை 2003

டேரில்,

ஆமாம், தூக்கினேன். எட்டாவது மேட்சில் நாம் அடித்தது ஒரே ஒரு கோல், அதையும் பாதி காற்றுதான் அடித்தது. இன்று கேட்டாலும் கையைத் தூக்குவேன். நான் தூக்கியது கோச்சுக்கு எதிராக. அதற்கு என் தம்பி ஏன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து உனக்கும் சேர்த்துச் சமைத்து வைத்திருந்தேன். நீ வரவில்லை.

போகட்டும். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடு இல்லை. அந்த இடமும் மற்ற இடம் மாதிரியே சாம்பல் பூத்துக் கிடக்கிறது. 'ஆஸ்திரேலியா'வின் கடைசி இரண்டு எழுத்துகள் ஓரத்தை நோக்கி இழுத்துவிட்ட மாதிரி நீண்டிருக்கின்றன. லியெனையும் பார்க்கச் சொன்னேன், அவளும் அதையேதான் சொன்னாள்.

நேற்று கமிட்டி கூடியது. உன் கடிதத்தில் காசைப் பற்றிய பகுதியை மட்டும் வாசித்தேன்.

"அவன் போட்டோவைத்தானே பார்த்தான்? போட்டோவைப் பார்த்தா நான்கூட நல்லாத்தான் இருப்பேன்" என்றார் பொருளாளர்.

"ஆயிரத்து இருநூறு நிச்சயம். மிச்சத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் பாஸ்டி சுட்டா ஆச்சு" என்றார் இன்னொருவர்.

"யாரு சுடுறது?" என்று கேட்டேன்.

நெவ் எழுந்தார். "அந்த வியாபாரி நம்ம காசைக் கீழ வைக்கும்போது எப்படி வச்சான், பார்த்தீங்களா? நான் என் பேரனைக்கூட அவ்வளவு மெதுவாக் கீழ விட்டதில்லை. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஓட்டெடுத்தோம். நாலு பேர் அனுப்பலாம், நாலு பேர் விற்கலாம். என் கை அனுப்பலாம் பக்கம். இழுபறியானால் தலைவர்தான் முடிவு சொல்ல வேண்டும். எல்லோரும் பிரையனைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்தார்.

"காசு விஷயத்துல அவன் என்னைக்காவது தப்புப் பண்ணினது உண்டா?"

"ஃபுட்டியில பண்ணியிருக்கான். காசுல இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி, அனுப்பு" என்றார்.

தபாலை நம்ப எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு நானே பஸ் பிடித்து மெல்பர்னுக்குக் கொண்டுபோகிறேன். டப்பாவை உள்சட்டையில் வைத்துத் தைத்துவிட்டேன். இப்போதே குத்துகிறது.

கிளெனிஸ்


குவீன்ஸ்டவுன்
22 ஜூலை 2003

அக்கா,

இந்நேரம் கொடுத்துவிட்டு வந்திருப்பாய். நான் எழுதியதையெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டு அவ்வளவு தைரியமாக எழுதிவிட்டேன். கீற்றெல்லாம் சரி, இழுபட்ட எழுத்தெல்லாம் சரி. ஆனால் போலி செய்கிறவனுக்கும் இதெல்லாம் தெரியுமே என்று வேலை நடுவில் தோன்றியது. துளைபோடும் இயந்திரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

மச்சான் எனக்காக ஓட்டுப் போட்டாரா? இரண்டு தடவை படித்தேன். நீ ஏதும் மாற்றி எழுதவில்லையே?

எனக்கும் சேர்த்துச் சமைத்தாய் என்பது எனக்குத் தெரியாது. நான் அன்றைக்கு நேரே படகுத்துறைக்குப் போய், விடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வராமலேயே கிளம்பிவிட்டேன்.

இங்கே ஃபுட்டி மைதானத்தில் புல் கிடையாது, வெறும் ஜல்லி. முதல் வருஷம் வெறும் வேடிக்கைதான் பார்த்தேன். இப்போது சனிக்கிழமைகளில் எல்லைக் கோட்டு நடுவராக ஓடுகிறேன். எட்டு மேட்ச் தோற்றாலும் நடுவரை யாரும் தூக்குவதில்லை.

பெட்டியில் என்ன எழுதி வந்தாலும் மறைக்காமல் எழுது. போலி என்றாலும் எழுது. அந்தக் காசைக் கையில் வாங்கிப் பார்க்கப்போகிற அமெரிக்கக்காரன் அன்று காலை வீட்டில் சண்டை போடாமல் வேலைக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்.

டேரில்


போர்ட் கீன்
29 ஆகஸ்ட் 2003

தம்பி,

அசல்.

பேனா நிற்க மாட்டேன் என்கிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள். நேற்று மாலை பயிற்சி நேரத்தில் தபால்காரப் பெண் ஜானைஸ் வண்டியை நேராக மைதானத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "நாளைக்குக் காலையில கொடுக்க வேண்டியது, அதுவரைக்கும் வச்சுக்கிட்டு இருக்க முடியலை" என்று கேன்டீன் மேடையில் பொட்டலத்தை வைத்தாள். பையன்கள் பந்தைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள்.

யாரும் பிரிக்கவில்லை. பிரையன் என் பக்கம் தள்ளினார், நான் லியென் பக்கம் தள்ளினேன். "நான் மருந்துப் பொட்டலம்தான் பிரிப்பேன்" என்றாள். கடைசியில் பிரையனே ரொட்டிக் கத்தியால் கிழித்தார். பஞ்சுக்குள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் நம் காசு. மேலே ஒரு சீட்டு. எழுத்து பொடியாக இருந்ததால் அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். நெவ் பிடுங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

"இரண்டு டாலர். ஐந்து சென்ட் வில்லையில் அடிக்கப்பட்டது."

"அப்புறம்?" என்றார் பிரையன்.

"ஐம்பத்தெட்டு." நெவ் முகம் சுருங்கிவிட்டது. "நூத்துக்கு ஐம்பத்தெட்டா? பாஸ்தான், ஆனா பெருமைப்பட ஒண்ணும் இல்லை."

எல்லோரும் அப்படியே வாடிப்போய் நின்றோம். லியெனுக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. உன் கடிதங்களைப் படித்ததிலிருந்து அவளும் நூலகத்தில் நாணயப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாளாம். "நூத்துக்கு இல்லை, எழுபதுக்கு" என்றாள். "அறுபதுக்கு மேல போனா யார் கையிலயும் புழங்காத காசு. இது புழங்கியும் ஐம்பத்தெட்டு. புரியுதா? கெட்டுப்போச்சு, கை வச்சிருக்குன்னு ஒரு வார்த்தைகூட இல்லை."

அதற்கப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. பொருளாளர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பையன்கள் நெவ்வைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அவர், "இடுப்பு, இடுப்பு" என்று கத்திக்கொண்டே கையசைத்தார்.

இன்று காலை அடிலெய்டு வியாபாரி போன் செய்து மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார். பிரையன், "நீங்க அன்னிக்கு விளிம்பைக் காட்டினதுக்கு ரொம்ப நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டார். அக்டோபர் பதினைந்தாம் தேதி மெல்பர்னில் ஏலம் விடப் போகிறோம். அறுவடைக்கு இயந்திரத்தைத் தயார் செய்கிற சமயம், இங்கிருந்து யாரும் வர முடியாது. கிளப் சார்பில் நீ போய் உட்கார வேண்டும். இது என் யோசனை இல்லை, பிரையன் தீர்மானமாகவே போட்டுவிட்டார். ஒன்பது கைகளும் உயர்ந்தன.

நீ இன்னும் அதைப் படத்தில்தானே பார்த்திருக்கிறாய்.

அக்கா


மெல்பர்ன்
15 அக்டோபர் 2003

அக்கா,

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏலத் தொகையை மச்சானுக்குப் போனில் சொல்லிவிட்டார்கள் என்று தெரியும். விளக்குக்குப் போக மீதியில் கேன்டீனுக்கு ஒரு புது அடுப்பு வாங்கச் சொல்லிவிட்டேன், கிளப் பிரதிநிதி என்ற அதிகாரத்தில். ஆனால் ஏலத்துக்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது.

காலையிலேயே போய்விட்டேன். விற்பனைக்கு வந்ததையெல்லாம் மேஜையில் வைத்து, கேட்டால் கையில் தருவார்கள். நம்முடையதைக் கேட்டேன். அங்கே இருந்த பெண் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தாள். எவ்வளவு சின்னதாக இருக்கிறது அக்கா. அந்தப் பெரியவர் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. விளக்குக்கு அடியில் சாய்த்து விளிம்பைப் பார்த்தேன். கீற்று ஓடி ஓடி வந்து, மெலிந்து, நின்றுபோய், மறுபடி தொடங்குகிறது. நான் நாலு மாதமாக மனதில் பார்த்தது அப்படியே இருந்தது.

"வாங்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை, விற்க வந்திருக்கேன்."

"பிரியறதுக்குக் கஷ்டமா இருக்கா?"

"இல்லை" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எனக்கு அந்தக் காசு வேண்டியிருக்கவில்லை. மைதானத்தில் எல்லோரும் ஓடிவந்தபோது நான் அங்கே இல்லையே என்றுதான் இருந்தது.

ஏலத்தில் இரண்டு பேர் மாறி மாறிக் கையைத் தூக்கினார்கள். சுத்தியல் விழுந்ததும் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். அங்கே யாரும் அப்படிச் செய்ய மாட்டார்களாம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தாஸ்மேனியாவுக்குத் திரும்பும் டிக்கெட் என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு அடிலெய்டு பஸ்ஸுக்கு வாங்கியிருக்கிறேன். சுரங்கத்தில் இரண்டு வாரம் லீவு கேட்டாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு அப்புறம் என்ன என்று இப்போது கேட்காதே.

இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். ஜானைஸ் கொண்டு வரும்போது நான் உன் சமையலறையில் உட்கார்ந்திருப்பேன். இதில் எழுதியது எதையும் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் என் எதிரிலேயே பிரித்துப் படி. படித்துவிட்டு ஒன்றும் சொல்லாதே. டீ போடு, போதும்.

டேரில்